பத்து அடிக்கு ஓர் அடி ஏற்றம்

போடிநாயக்கனூரில் பல பேருடைய இதய நோயை முதலில் காட்டிக்கொடுப்பது மலைதான். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு விடிவதற்குள் ஜீப்பில் கிளம்புகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஜீப்பு ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் காய் எடுக்கவும் களை வெட்டவும் மருந்து அடிக்கவும் சரிவில் ஏறி இறங்க வேண்டியது கால்கள்தான். "ஏத்தத்துல ஏறுனா நெஞ்சை அடைக்குது, நின்னா விட்டுருது" என்று ஒருவர் சொன்னால், அனுபவமுள்ள டாக்டருக்குப் பாதி நோய் அங்கேயே புரிந்துவிடும்.

இந்த ஒரு வரி மருத்துவத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-இல் தம் சக மருத்துவர்கள் முன் படித்த கட்டுரையில், நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும், நெஞ்சை இறுக்கி, நின்றதும் மறைந்துபோகும் ஒரு வலியை விவரித்தார். 'ஆஞ்சைனா' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை வேலையாக வைத்துக்கொண்ட ஒருவருக்கு அந்த நோய் ஏறக்குறைய குணமானதையும் அவர் எழுதி வைத்தார். உழைப்பு நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும், இதயத்தைத் தேற்றவும் செய்யும் என்ற இரண்டு உண்மையும் அவருடைய எழுத்திலேயே இருந்தன. ஆனால் மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவரை, வீட்டுக்கு அனுப்பும் முன் நடக்கவைத்துப் பார்த்து, அவருடைய எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்ற துணிச்சல் வர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

அந்தத் துணிச்சல் பிறந்த கதை இது. மாரடைப்புக்குப் பிறகு தோட்டத் தொழிலாளி கேட்கும் முதல் கேள்வி, "சார், எப்ப மலைக்குப் போகலாம்?" என்பதுதான். அதற்கு மருத்துவம் பதில் தேடிய கதையும் இதுவே.

ஆறு வாரப் படுக்கை

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென அடைத்தால் ஆள் அங்கேயே முடிந்தார் என்றுதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலோர் நம்பினார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை மாற்றியது. அடைப்பு வந்தும் பிழைக்கிறவர்கள் உண்டு, அவர்களை உயிரோடு இருக்கும்போதே அடையாளம் காணலாம் என்றார் அவர். சிகிச்சையாக அவர் சொன்னது சில நாள் முழு ஓய்வு.

சில நாள் என்பது வாரக்கணக்காக நீண்டது. கென்னத் மாலரி, பால் டட்லி வொயிட், ஹோர்கே சால்செடோ-சால்கர் ஆகிய மூவரும் 1939-இல், மாரடைப்பில் இறந்தவர்களின் இதயங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, செத்துப்போன தசை உறுதியான தழும்பாக மாற ஐந்து வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும் என்று காட்டினார்கள். தழும்பு இறுகும் முன் இதயத்துக்கு வேலை கொடுத்தால் சுவர் கிழிந்துவிடும் என்ற பயம் இதோடு சேர்ந்துகொண்டது. ஆறு வாரப் படுக்கை சட்டமானது. நோயாளி தானாகச் சாப்பிடக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, புரண்டு படுக்கவும் பிறர் துணை வேண்டும் என்ற அளவுக்கு அது போனது. வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் வேலை கிடையாது. பலர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

நாட்டுக்கு நாடு இந்த வழக்கம் பரவியது. நம் ஊரிலும் "அட்டாக் வந்த ஆளு" என்றால் மாடிப்படி ஏறக்கூடாத, குடம் தூக்கக்கூடாத, திண்ணையில் உட்காரவைக்கப்பட்ட மனிதர் என்ற எண்ணம் இன்றும் மிச்சம் இருக்கிறது. அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லிவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லௌனும் இந்தச் சட்டத்தை முதலில் மீறினார்கள். மாரடைப்பு வந்தவரை ஓரிரு நாளிலேயே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். படுத்திருக்கும்போது காலிலிருந்து ரத்தம் அதிகமாக இதயத்துக்குத் திரும்பி அதன் சுமையைக் கூட்டுகிறது, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சுமை குறைகிறது என்பது லிவைனின் வாதம். 81 நோயாளிகளின் அனுபவத்தை 1952-இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தவர்களுக்கு இதயச் சுவர் கிழியவில்லை. மனம் தெளிந்தது, பயம் குறைந்தது.

மூன்று ஆண்டுகளில் உலகமே பார்க்கும்படி ஒரு சோதனை வந்தது. 1955 செப்டம்பர் 24-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு. ஆலோசனை சொல்ல வந்தவர் பால் டட்லி வொயிட். தழும்பு ஆற இத்தனை வாரம் ஆகும் என்று 1939-இல் கணக்குச் சொன்னவர்களில் ஒருவர், இப்போது அதிபரை நாற்காலியில் உட்காரவைத்தார், படிப்படியாக நடக்கவும் அனுமதித்தார். ஏழு வாரத்தில் மருத்துவமனையை விட்டுப் போன ஐசனோவர், அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று மறுபடியும் ஜெயித்தார்.

படுக்கைக்கே ஒரு விலை உண்டு என்பதை 1966-இல் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு நிரூபித்தது. பெங்ட் சால்டின், ஜெரி மிட்செல், குன்னர் புளோம்க்விஸ்ட் ஆகியோர் நோயே இல்லாத ஐந்து கல்லூரி இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உழைப்புத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதே ஐந்து பேரை முப்பது ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்த அளவுக்கு முப்பது ஆண்டு முதுமைகூடப் பறிக்கவில்லை என்று தெரிந்தது. நல்ல இதயத்துக்கே இந்தக் கதி என்றால், அடிபட்ட இதயத்தை ஆறு வாரம் கிடத்தியதால் எவ்வளவு இழந்தோம்?

படியும் பட்டையும்

நோயாளியை எழுப்பலாம் என்பது உறுதியாயிற்று. எழுந்தவரை எப்படி அளப்பது என்பது வேறு கேள்வி. அதற்கான கருவி தனியாக, வேறொரு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆஞ்சைனா உள்ளவருக்கு ஓய்வு நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. பல நேரம் சுத்தமாகவே இருக்கும். தோட்டத்துக் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஒரு வாளி நிரம்பிவிடும், பத்துப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதுதான் கடைசிப் பாத்தி காய்வது தெரியும். இதயமும் அப்படியே. ஓய்வில் கேட்கும் ரத்தத்தைச் சுருங்கிய குழாயும் கொடுத்துவிடும். உழைப்பில் தேவை பல மடங்கு ஏறும்போது பற்றாக்குறை வெளிப்படும். கிளீவ்லாந்து நகரில் ஃபைல், சீகல் என்ற இருவர் 1928-இல் ஆஞ்சைனா நோயாளிகளை உடற்பயிற்சி செய்யவைத்து, வலி வந்த நேரத்தில் இ.சி.ஜி. கோடு மாறுவதைப் பதிவு செய்தார்கள்.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம் உயரமுள்ள இரண்டு படிகளைக் கொண்டு ஒரு சோதனையை உருவாக்கினார். வயதுக்கும் எடைக்கும் ஏற்ப இத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும். முதலில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மட்டுமே பார்த்தார். இ.சி.ஜி. பின்னால், 1940-களில் சேர்ந்தது. அதையும் ஏறி முடித்த பிறகுதான் எடுத்தார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது இதயம் என்ன சொல்கிறது என்பது தெரியாமலே போனது. பலவீனமானவருக்கு அந்தப் படி அதிகம், பலசாலிக்குப் போதாது என்ற குறையும் இருந்தது.

சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ராபர்ட் புரூஸ் இரண்டு குறையையும் தீர்த்தார். ஓடும் பட்டைமேல் ஆளை நடக்கவிட்டு, நெஞ்சில் ஒட்டிய மின்முனைகள் வழியாக நடக்கும்போதே இ.சி.ஜி.யைப் பார்த்தார். 1963-இல் அவர் முன்வைத்த முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், பட்டையின் சரிவு 10 சதவீதம், அதாவது பத்து அடிக்கு ஓர் அடி ஏற்றம். இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாம் கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இன்று தேனியிலும் மதுரையிலும் "டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் ஓடுவது புரூஸ் வகுத்த இந்தக் கணக்குதான்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள்

1960-களில் மருத்துவமனைகளில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது. மாரடைப்பின் முதல் நாட்களில் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் இதயத்தை மின் அதிர்ச்சி கொடுத்து மீட்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்குள் சாவு குறைந்தது. அதோடு ஒரு புதுக் கவலை பிறந்தது. பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர் அடுத்த சில மாதங்களில் திடீரென இறந்தார்கள். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு விடைபெற்றார்கள்.

அட்டாக் வந்து மூன்றே வாரம் ஆனவரைப் பட்டையில் ஏற்றிப் பார்த்தவர்கள் சுவீடன் நாட்டு மருத்துவர்கள். எரிக்சனும் அவர் குழுவினரும் மூன்றாம் வாரத்தில் 100 பேரை நடக்கவைத்த முடிவுகளை 1973-இல் வெளியிட்டார்கள். படுத்திருக்கும்போது ஒழுங்காகத் துடித்த சில இதயங்கள், நடக்கும்போது தாளம் தப்பின. அதே வழியில் தொடர்ந்த கிரானத் குழுவினர், அந்தச் சோதனையில் தாளம் தப்பியவர்களையும் குறைவாகவே நடக்க முடிந்தவர்களையும் பல ஆண்டு பின்தொடர்ந்து, அவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று 1977-இல் எழுதினார்கள்.

இந்தக் கதையின் திருப்புமுனை கனடாவின் மான்ட்ரியல் இதய நிறுவனத்தில் நடந்தது. பியர் தெரூ, டேவிட் வாட்டர்ஸ் முதலியோர் மூன்று வாரம்கூடக் காத்திருக்கவில்லை. இதயச் செயலிழப்போ அடங்காத நெஞ்சுவலியோ இல்லாத 210 பேரை, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே டிரெட்மில்லில் ஏற்றினார்கள். அட்டாக் வந்து சராசரியாகப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வாரப் படுக்கை என்ற சட்டம் பலர் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது.

ஆகவே அவர்கள் கட்டிய கரையைக் கவனிக்க வேண்டும். முழு மூச்சாக நடக்கவிடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆக்சிஜனை ஒரு 'மெட்' என்பார்கள், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர். அதைப் போல ஐந்து மடங்கு உழைப்பு வந்ததும் நிறுத்தம். அல்லது நாடித்துடிப்பு, அந்த வயதுக்குரிய உச்சத்தில் 70 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்தம். ஐம்பது வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 துடிப்பு. புரூஸின் முதல் கட்டத்தைச் சற்றே தாண்டிய உழைப்பு, அவ்வளவுதான்.

அந்தச் சில நிமிடங்களில் டாக்டரின் கண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, இ.சி.ஜி. தாள். ஒவ்வொரு துடிப்பிலும் பெரிய கூர்முனை இறங்கியதும் வரும் சிறிய தட்டையான துண்டுக்கு எஸ்.டி. பகுதி என்று பெயர். அது வழக்கமான மட்டத்தை விட ஒரு சிறு கட்டம், அதாவது ஒரு மில்லிமீட்டர், கீழே போய் அங்கேயே கிடையாகவோ சரிவாகவோ நின்றால், எங்கோ உயிருள்ள தசை ஒன்று ரத்தம் போதாமல் தவிக்கிறது என்று பொருள். இரண்டாவது, கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டை. உழைக்க உழைக்க மேல் அழுத்தம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, பம்ப் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

1979-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது. எஸ்.டி. பகுதி இறங்காத 146 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 3 பேர், 2.1 சதவீதம். இறங்கிய 64 பேரில் இறந்தவர்கள் 17 பேர், 27 சதவீதம். அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் திடீர் மரணம். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்து ஒரே நாளில் வீட்டுக்குப் போகும் இரண்டு பேரில், ஒருவருக்கு மற்றவரை விடப் பத்து மடங்குக்கு மேல் ஆபத்து. மென்மையான ஒரு நடை அதைப் பிரித்துக் காட்டிவிட்டது.

அதுவரை எல்லோரும் அளந்தது அழிந்துபோன தசையை. எவ்வளவு பெரிய அட்டாக், எவ்வளவு சேதம் என்றே கேட்டார்கள். மான்ட்ரியல் மருத்துவர்கள், அதன் பக்கத்தில் பிழைத்து நிற்கும் தசையின் நிலையைக் கேட்டார்கள். செத்த தசைக்கு இனி ரத்தம் வேண்டாம். உயிரோடு இருந்துகொண்டு ரத்தம் போதாமல் கிடக்கும் தசைதான் அடுத்த அட்டாக்குக்கும் திடீர் மரணத்துக்கும் விளைநிலம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்தாலோ பைபாஸாலோ காப்பாற்ற வழி உண்டு. இந்தியாவில் கே. எம். செரியன் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தது 1975-இல். சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் பலூன் வைத்து முதன்முதலாக இதயக் குழாயை விரித்தது 1977-இல். யாருக்குச் செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி தேவைப்பட்ட நேரத்தில் இந்தச் சோதனை வந்து சேர்ந்தது.

ஏற முடியாதவர்கள்

பிற ஊர்களில் செய்து பார்த்தபோது எஸ்.டி. பகுதி எல்லா இடத்திலும் அவ்வளவு கூர்மையாகப் பேசவில்லை. ஆனால் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வந்தது. எவ்வளவு நடக்க முடிந்தது என்பதே பெரிய ஜோசியம். அதற்கும் மேலே ஒன்று: சோதனைக்கே ஏற முடியாதவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

இத்தாலியில் நடந்த ஜிஸ்ஸி-2 ஆய்வு இதை மிகப் பெரிய அளவில் காட்டியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து வந்துவிட்ட காலம் அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 6,296 பேர், அட்டாக் வந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் சோதனைக்கு வந்தார்கள். சோதனையில் குறை தெரியாதவர்களில் அடுத்த ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 0.9 சதவீதம். குறை தெரிந்தவர்களில் 1.7 சதவீதம். சோதனையே செய்யாதவர்களில் 7.1 சதவீதம்.

இந்த மூன்றாவது எண்ணை நம் ஊர் டாக்டர்களும் குடும்பங்களும் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "அவரால நடக்க முடியல, அதனால டெஸ்ட் வேண்டாம்" என்று விட்டுவிடும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். நடக்க முடியாமையே சோதனையின் விடை. அதற்கு எக்கோ, ஆஞ்சியோ, அடிக்கடி வரச் சொல்லும் கண்காணிப்பு என்று தொடர்ச்சி இருக்க வேண்டும்.

மனைவியும் நடந்தார்

இந்தச் சோதனையின் இன்னொரு பயனை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் டிபஸ்க் குழுவினர் கண்டார்கள். அட்டாக் வந்து மூன்று வாரத்தில் டிரெட்மில்லில் நடந்து முடித்தவர், வீட்டுக்குப் போன பிறகு முன்னைவிடத் தைரியமாக நடந்தார், ஏறினார், வேலை செய்தார். தன்னால் முடியும் என்பதை அவருடைய உடம்பே அவருக்குச் சொல்லிவிட்டது.

ஆனால் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். "ஐயோ, எந்திரிக்காதீங்க" என்று தடுக்கும் மனைவி. உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூராவும் சேர்ந்த அந்தக் குழு 1985-இல் வெளியிட்ட ஆய்வில், சில மனைவிகள் சோதனை அறைக்கு வெளியே இருந்தார்கள். சிலர் உள்ளே வந்து கணவர் நடப்பதைப் பார்த்தார்கள். வேறு சிலர், கணவர் எட்டிய அதே உச்ச வேகத்திலும் சரிவிலும் தாங்களே மூன்று நிமிடம் நடந்தார்கள். பார்த்ததால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. தன் காலால் அந்த ஏற்றத்தை உணர்ந்த மனைவிக்குத்தான், "இவ்வளவையும் தாங்கியிருக்கிறாரே" என்ற நம்பிக்கை பிறந்தது. அதன் பிறகு கணவரின் இதயத்தைப் பற்றி அவர்கள் போட்ட மதிப்பு, கணவர் தமக்குப் போட்ட மதிப்போடு ஒத்துப்போனது.

எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் ஒரே ஜீப்பில் ஒரே தோட்டத்துக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். அட்டாக் வந்தது மனைவிக்கு என்றாலும் கதை இதேதான். யாரால் எவ்வளவு முடியும் என்பது இருவருக்கும் தெரிந்தாக வேண்டும். தெரியாத வீட்டில் ஒன்று பயம் ஆளும், இல்லை அசட்டுத் துணிச்சல் ஆளும்.

ஸ்டென்ட் வந்த பிறகு

இன்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜுக்கு முன் டிரெட்மில் என்ற வழக்கம் மிகவும் குறைந்துவிட்டது. அடைத்த குழாயை உடனே ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிடுகிறார்கள். மிச்ச அடைப்பு எங்கே என்பதும் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. ரத்தம் போதாத தசையைத் தேட பட்டையில் ஏற்ற வேண்டிய அவசியம் அங்கே குறைவு.

ஆனால் நாடு முழுக்க நிலைமை அப்படி இல்லை. இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்து 2008-இல் வெளிவந்த 'கிரியேட்' ஆய்வில், பெரிய வகை மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்குக் கட்டி கரைக்கும் ஊசி கிடைத்தது, ஸ்டென்ட் போன்ற சிகிச்சை கிடைத்தது 8 சதவீதத்துக்கே. நோயாளிகளின் சராசரி வயது 57.5. ஏழைகளுக்குச் சிகிச்சைகள் குறைவாகவே கிடைத்தன என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

அதற்குப் பிறகு தமிழ்நாடு நிறையவே முன்னேறியிருக்கிறது. சிறிய மருத்துவமனையில் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்யும் வலைப்பின்னலை டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி முதலியோர் இங்கே அமைத்துக் காட்டினார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தபோது, ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கூலித் தொழிலாளிகளை இன்று எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

ஆகவே உயிர் பிழைக்கும் கதை மாறிவிட்டது. பிழைத்த பிறகு மலைக்குப் போகும் கதைதான் இன்னும் மாறவில்லை. குழாய் திறந்திருக்கிறது என்று ஆஞ்சியோ சொல்லும். அந்த மனிதர் எவ்வளவு ஏற முடியும் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல அவர் நடந்துதான் காட்ட வேண்டும்.

மலைக்கு எப்போது?

நம் மலையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரெட்மில்லில் உழைப்பை மதிப்பிடப் பயன்படுத்தும் அதே சூத்திரப்படி, பத்து அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய நாலரை மெட். மான்ட்ரியலில் டிஸ்சார்ஜுக்கு முன் வைத்த எல்லை இதை ஒட்டியதுதான். ஜீப்பு ரோடு வளைந்து வளைந்து போய் ஏற்றத்தைப் பரப்பிக் கொடுக்கிறது. ஏலத்தோட்டத்து ஒற்றையடிப் பாதை அப்படிப் பரப்புவதில்லை. ஐந்து அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், கையை வீசிக்கொண்டு ஏறினாலே ஏழரை மெட். புரூஸின் இரண்டாம் கட்டத்துக்கும் மேல். உர மூட்டையோ மருந்து அடிக்கும் மெஷினோ முதுகில் இருந்தால் அதற்கும் மேல். ஒரு வேலையை நாள் முழுக்கச் செய்ய வேண்டுமானால், ஒருவருடைய உச்சத் திறன் அந்த வேலையின் தேவையை விடக் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும்.

ஆக, டிஸ்சார்ஜுக்கு முன் ஐந்து மெட் நடந்தவருக்கு, வீட்டு வேலையும் சமதளத்தில் நடையும் பயமில்லை என்று சொல்லலாம். தோட்டத்துச் சரிவுக்கு அந்தச் சான்று போதாது. மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்து, அறிகுறி வரும் வரை நடக்கவிடும் முழுச் சோதனை அதற்குத் தேவை. இடைப்பட்ட வாரங்களில் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகும் நடைப்பயிற்சியும் தேவை. டிரெட்மில் இல்லாத இடத்தில் முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரமும் கடிகாரமும் போதும்: ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் சோதனை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஏற்றத்துக்கான முழு விடை அது ஆகாது, ஆனால் யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முதல் சலித்தலைச் செய்துவிடும். பயிற்சிக்குச் செலவும் அதிகம் வேண்டியதில்லை. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளிவந்த யோகா ஆய்வில், இறப்பும் மறு அட்டாக்கும் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள், தங்கள் உடல்நலம் தேறியதாக உணர்ந்தார்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதை யாரும் தாமாக மலையில் ஏறிச் சோதித்துப் பார்க்கக்கூடாது. அட்டாக் வந்த முதல் இரண்டு நாளிலும், அடங்காத நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, தாளம் தப்பும் துடிப்பு உள்ளவர்களுக்கும் டிரெட்மில் கூடவே கூடாது. டாக்டர் பக்கத்தில் நின்று, இ.சி.ஜி. ஓட, அவசர மருந்தும் அதிர்ச்சிக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது செய்தால்தான் அது சோதனை.

நான் கேட்பது சிறிய காரியம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி வேண்டும்: இவர் இத்தனை மெட் நடந்தார், இந்த வேலை செய்யலாம், இந்த வேலைக்கு இந்தத் தேதிக்குப் பிறகு மறுபடி நடந்து காட்டிவிட்டுப் போகலாம். அந்த வரியை எழுத, "என்ன வேலை செய்யறீங்க? எந்தத் தோட்டம்? எவ்வளவு ஏத்தம்?" என்று டாக்டர் கேட்க வேண்டும். "எப்ப மலைக்குப் போகலாம்?" என்று நோயாளியும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். வாரக்கூலியை நம்பி இருக்கும் வீட்டில் "ரெஸ்ட் எடுங்க" என்ற ஒற்றைச் சொல்லை யாராலும் மாதக்கணக்கில் கடைப்பிடிக்க முடியாது. அடுப்பு அணைந்தால் அவர் ஜீப்பில் ஏறிவிடுவார். எத்தனை அடி ஏற்றம் தன் இதயத்துக்குத் தாங்கும் என்று தெரிந்துகொண்டு ஏறும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழி 1979-லிருந்து மருத்துவத்தின் கையில் இருக்கிறது.